முழுச் சூட்டில்தான் தெரிந்தது

லாவண்யா,

ஏர்போர்ட்டில் நான் அழுததைப் பார்த்து உன் சித்தி என்னைத் தோளோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். பிள்ளையைக் கண் காணாத தேசத்துக்கு அனுப்பும்போது எந்தத் தாய்தான் தாங்குவாள் என்று வண்டி திருவள்ளூர் தாண்டும் வரை ஆறுதல் சொல்லிக்கொண்டே வந்தாள். நானும் தலையாட்டிக்கொண்டே வந்தேன். உன் நைனா மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார். அவருக்குத் தெரியும். உனக்கும் தெரியட்டும் என்றுதான் இதை எழுத உட்கார்ந்தேன். நான் பிரிவை நினைத்து அழவில்லை, லாவண்யா. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் நீ பெட்டியை இழுத்துக்கொண்டு, ஒருமுறை கையசைத்துவிட்டு, அப்புறம் திரும்பிப் பார்க்காமல் நடந்தாய். அந்த நடையைப் பார்த்ததும் அங்கே போக வேண்டியவள் நானல்லவா என்று தோன்றியது. அந்தப் பெட்டி என்னுடையதாக இருக்க வேண்டும், ஜெர்மனியில் அந்த ஆராய்ச்சிக்கூடத்தின் கதவு எனக்காகத் திறக்க வேண்டும் என்று தோன்றியது. ஐம்பது வயது தாண்டியவள், பெற்ற மகளைப் பார்த்துப் பொறாமையில் அழுதேன். வெளியே சொல்ல வெட்கமான விஷயம். உன்னிடம் சொல்லாமல் இருப்பது அதைவிட வெட்கம்.

தறி ஓடுகிற வீட்டில் பிறந்த நான் செராமிக் படித்தது யாருடைய ஆசையினாலும் இல்லை. பாலிடெக்னிக்கில் அந்தப் பிரிவில்தான் இடம் காலியாக இருந்தது. வகுப்பில் பெண் நான் ஒருத்திதான். முதல் வருஷம் முழுக்க இது பானையும் ஓடும் செய்கிற படிப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அடுத்த வருஷம் எங்களை ஓர் இரும்பு உலையைப் பார்க்கக் கூட்டிப்போனார்கள். உள்ளே இரும்பு கண்ணைக் குருடாக்குகிற வெள்ளையில் கொதிக்கிறது. வெளியே, கைக்கெட்டும் தூரத்தில், நான் புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு சாதாரணமாக நிற்கிறேன். நடுவில் இருந்தது ஒரு சுவர். சூட்டைத் தன்னிடமே வைத்துக்கொண்டு என்னிடம் வரவிடாமல் நிறுத்தியிருந்த சில அடுக்குச் செங்கல். அன்றைக்குப் பிடித்த பைத்தியம்தான் எனக்கு. டிப்ளமா முடிந்ததும் வடக்கே ஒரு நெருப்புச் செங்கல் தொழிற்சாலையில், அவர்களுடைய ஆராய்ச்சிக்கூடத்திலேயே வேலை கிடைத்தது. என் நைனா, உன் தாத்தா, தறிக்குப் பாவு நூல் சுற்றிக்கொண்டிருந்தார். தலையைத் தூக்காமலே, "அவ்ளோ தொலைவு போய்க்கினு இன்னாத்த கிழிக்கப்போற" என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்துவிட்டது. அப்புறம் கல்யாணம், நீ, ரேணிகுண்டாவுக்குப் பக்கத்தில் இரும்பைப் பழுக்கக் காய்ச்சி அடிக்கிற இந்த ஃபோர்ஜிங் கம்பெனியில் பர்னஸ் மெயின்டனன்ஸ் வேலை, நகரியிலிருந்து காலையில் பாசஞ்சர் ரயில். இந்த வேலையை நான் குறைவாக நினைத்ததில்லை. பர்னஸுக்குள் குனிந்து போய்ச் சுவரைத் தட்டிப் பார்க்கிற பெண் இந்தப் பக்கத்தில் நான்தான் என்று எனக்குக் கர்வம்கூட உண்டு.

நீ என் வழியிலேயே வந்து மெட்டீரியல்ஸ் படிப்பைத் தேர்ந்தெடுத்தபோது ஊர் முழுக்கச் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தேன். திருப்பதியில் காலேஜ் சேர்த்துவிட்டு வந்த அன்று பக்கத்து வீடுகளுக்கெல்லாம் லட்டு கொடுத்தேன். பொறாமை எப்போது வந்தது என்று யோசித்துப் பார்த்தால் எனக்கு நன்றாகவே நினைவிருக்கிறது. நீ லீவுக்கு வந்திருந்தாய். தட்டில் சோறு ஆறிக்கொண்டிருந்தது. "மா, ஃபைபர் பிளாங்கெட்டு சூடு ஏற ஏற வேற ஆளா மாறிடுதும்மா. ஆரம்பத்துல சூட்ட அப்பிடியே நிறுத்துது. செவப்பு சூடு வந்தா கசியவுடுது" என்று, உலைக்கு உள்சுவராகப் போடுகிற அந்தப் பீங்கான் இழை மெத்தையைப் பற்றிச் சொன்னாய். தெரியும் என்றேன். தெரியத்தான் செய்தது. பாடப் புத்தகத்தில் ஒரு பத்தி, பரீட்சைக்குப் படித்தது. ஆனால் நீ அடுத்ததாகச் சொன்னாய், "நாங்க அளந்து பாத்தோம்மா" என்று. மாதிரித் துண்டுக்கு நடுவே மெல்லிய கம்பியை வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகச் சூடேற்றி, ஒவ்வொரு சூட்டிலும் எவ்வளவு கடத்துகிறது என்று குறித்து, புள்ளிகளைச் சேர்த்துக் கோடு போட்டோம் என்றாய். நான் படித்ததை நீ அளந்திருக்கிறாய். பொறாமை அந்த ஒரு வார்த்தையில்தான் வந்தது. சோறு ஆறுகிறது, துன்னுட்டுப் பேசு என்று உன்னை அதட்டினேன். நீ ஏன் என்று தெரியாமல் என்னைப் பார்த்தாய்.

அதற்குப் பிறகு சின்னச் சின்னதாக நிறைய. சென்னையில் அந்த உலைச்செங்கல் கம்பெனியில் உனக்கு வேலை கிடைத்து நைனாவிடம் கேட்டபோது, அறுந்த இழையை முடிந்துகொண்டே "போய்ட்டு வா கண்ணு" என்றாரே, அவ்வளவு சுலபமாக அனுப்பிவைக்கிற ஒரு நைனா உனக்குக் கிடைத்ததிலும் எனக்குப் பொறாமை. நீ ஹெல்மெட் போட்டுக்கொண்டு ஏதோ ஒரு ஸ்டீல் பிளான்டில் நின்று எடுத்த போட்டோவை எனக்கு அனுப்பினாய். ரயிலில் உட்கார்ந்து அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். முகத்தைப் பார்க்கவில்லை, உனக்குப் பின்னால் தெரிந்த பர்னஸ் எவ்வளவு பெரியது என்று பார்த்தேன்.

எங்கள் கம்பெனியில் பெரிய பர்னஸின் உள்சுவரை முழுக்க மாற்ற வேண்டிய நேரம் வந்தது. பழைய கனமான செங்கல் சுவர் வெடித்துப்போயிருந்தது. கேஸ் செலவு ஏறிக்கொண்டே போனது. வெளித்தகட்டின் பக்கம் ஆட்கள் நின்று வேலை செய்ய முடியாத சூடு. என்ன போடலாம் என்று மேனேஜர் பிரசாத் சார் என்னைக் கேட்டார். நான் ஃபைபர் என்றேன். சுவர், கூரை எல்லாமே லேசான ஃபைபர் பிளாங்கெட். கேட்லாக்கில் அதன் வெப்பக் கடத்துத்திறன் செங்கலைவிடப் பல மடங்கு குறைவாகப் போட்டிருந்தது. அந்த எண்ணை வைத்துக் கணக்குப் போட்டேன், வெளித்தகடு கையை வைத்தால் தாங்குகிற சூட்டில் நிற்கும் என்று வந்தது. இருபது வருஷமாக நான் இப்படித்தான் கணக்குப் போட்டேன். ஒரு பொருளுக்கு ஓர் எண். இந்த பர்னஸில் இருந்த சாதாரண நெருப்புச் செங்கலுக்கு அது பெரிய தப்பாகவும் ஆகாது, ஏனென்றால் அதன் எண் சூட்டோடு அதிகம் நகராது. சார் என் திட்டத்தைச் சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு அனுப்பி ஆள் வரச்சொன்னார். வந்தவள் நீ.

அன்றைக்கு மீட்டிங்கில் நீ என்னை மேடம் என்று கூப்பிட்டாய். சரிதான், ஆபீஸ் மரியாதை. நானும் உன்னை வாங்க போங்க என்று பேசினேன். சிரிப்பு வர வேண்டிய இடம், எனக்கு வரவில்லை. நீ லேப்டாப்பைத் திருப்பி மூன்று கோடுகளைக் காட்டினாய். கனமான உயர் அலுமினாச் செங்கலின் கோடு உயரத்தில் தொடங்கிச் சூடு ஏற ஏறக் கீழே இறங்கியது. நுண்துளை நிறைந்த இன்சுலேஷன் செங்கலின் கோடு மெதுவாக ஏறியது. என் ஃபைபர் எல்லாவற்றுக்கும் அடியில் தொடங்கி, போகப்போக நிமிர்ந்து, கடைசியில் இன்சுலேஷன் செங்கலையே தொட்டது. சூடு குறைவாக இருக்கும்வரை இழைகளுக்கு நடுவில் இருக்கிற காற்று அதை நிறுத்திவிடும். சிவந்த சூட்டில் வெப்பம் ஒளியைப் போல அந்த இடைவெளிகளுக்குள் நேராகப் புகுந்து வந்துவிடும். இதை நீ தெலுங்கில், சாருக்குப் புரிகிற மாதிரி, அவசரமே இல்லாமல் சொன்னாய். பிறகு கோட்டின் இடது ஓரத்தில் விரலை வைத்து, மேடம் போட்ட கணக்கு இங்கே சரி என்றாய். வலது ஓரத்துக்கு விரலைக் கொண்டுபோய், நம்முடைய பர்னஸ் இருப்பது இங்கே என்றாய். சுவருக்கு உள்முகத்தில் இன்சுலேஷன் செங்கல், சூடு தணிந்து வருகிற பின்பக்கத்தில் ஃபைபர், கூரைக்கு இழைகள் நெருக்கமாக இருக்கிற அடர்த்தி கூடிய ஃபைபர் என்று ஒவ்வொரு பொருளையும் அது நன்றாக வேலை செய்கிற சூட்டில் வைத்திருந்தாய். நான் எதிர்த்துக் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் பதில் இருந்தது. சார் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "மேடம், மீ அம்மாயி மிம்மல்னி தாட்டிபோயிந்தி" என்றார். உங்கள் பெண் உங்களைத் தாண்டிப் போய்விட்டாள் என்று. எந்தத் தாயும் கேட்க ஆசைப்படுகிற வார்த்தை. நான் சிரித்தேன். மேஜைக்கு அடியில் என் கை புடவை முந்தானையைக் கசக்கிக்கொண்டிருந்தது.

அன்று சாயங்காலம் நீ நகரிக்கு வீட்டுக்கு வந்தாய். உனக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தேன். நீ சமாதானமாகத்தான் ஆரம்பித்தாய். "மா, ஒரே நம்பர வெச்சிக்கினு கணக்கு போட்டுக்கினு இருக்காத. எந்த சூட்டுல அந்த நம்பர்னு கேளு" என்றாய். எனக்கு எங்கிருந்தோ கோபம் வந்தது. "நீ இஸ்கூலுக்கு போறதுக்கு முன்னாலேர்ந்து பர்னஸுக்குள்ள போய்க்கினு இருக்கேன். எனுக்கு நீ சொல்லிக்குடுக்காத" என்றேன். நீ சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாய். காலையில் முதல் பஸ்ஸில் சென்னைக்குப் போய்விட்டாய். நீ போன பிறகு நைனா தறியை நிறுத்திவிட்டு வந்து என் எதிரில் உட்கார்ந்தார். ஓடுகிற தறியை அவர் நிறுத்தினாலே விஷயம் பெரியது என்று உனக்குத் தெரியும். "உனுக்கு அவ மேல பொறாம. இருந்துட்டுப் போவட்டும், நான் ஒண்ணும் சொல்லல. ஆனா அவ வேலைய கெடுத்துடாத" என்றார். நான் அவரோடு சண்டை போட்டேன். பெற்ற மகள் மேல் எவளாவது பொறாமைப்படுவாளா என்று கத்தினேன். அவர் எழுந்து போய்த் தறியை மறுபடி ஓட விட்டார்.

அவர் பயந்த மாதிரி நான் செய்யவில்லை. நேர் எதிராகச் செய்தேன். உன் திட்டத்தை நிறைவேற்றும் பொறுப்பை சார் என்னிடமே கொடுத்தார், நான் என் வாழ்க்கையில் அவ்வளவு சுத்தமாக எந்தச் சுவரையும் கட்டியதில்லை. விஜயபுரத்திலிருந்து வருகிற முனுசாமி மேஸ்திரியை உனக்குத் தெரியும், பொறுமைசாலி. அவரே அலுத்துப்போகிற அளவுக்கு ஒவ்வொரு செங்கல் இணைப்பையும் பிரித்துப் பிரித்துக் கட்ட வைத்தேன். காரணம் என்ன தெரியுமா? இந்தச் சுவர் சரியாக வராமல் போனால், அது கட்டினவள் தப்பு என்று யாரும் சொல்லக் கூடாது. திட்டம் போட்டவள் தப்பாக மட்டுமே இருக்க வேண்டும். அப்படி ஒரு அக்கறை. பார்க்கிறவர்கள் மகளுடைய வேலை என்பதால் எப்படிப் பார்த்துப் பார்த்துச் செய்கிறாள் என்று மெச்சினார்கள்.

கூரை முடியப்போகிற நேரத்தில், கதவுக்கு மேலே கொஞ்சம் இடம் பாக்கி இருக்கும்போது, உங்கள் கம்பெனி அனுப்பிய அடர்த்தி ஃபைபர் ஒரு பெட்டி குறைந்துபோனது. சென்னையிலிருந்து அடுத்தது வரக் காத்திருக்க வேண்டும். சாருக்கோ பர்னஸைப் பற்றவைக்கிற அவசரம். ஸ்டோரில் பழைய பிளாங்கெட் இருக்கிறது, போட்டு முடித்துவிடலாமா என்று முனுசாமி மேஸ்திரி கேட்டார். இரண்டையும் விரலுக்கு நடுவில் அழுத்திப் பார்த்தேன். அதே வெள்ளை, ஏறக்குறைய அதே மெத்தென்ற தன்மை. கேட்லாக்கில் முதலில் போட்டிருக்கிற எண்ணும் ஏறக்குறைய ஒன்றுதான். "போடுங்க மேஸ்திரி, ரெண்டும் ஒண்ணுதான்" என்றேன். நீ அத்தனை நேரம் நின்று எனக்குக் காட்டிய கோடு அந்த நிமிஷத்தில் என் கண்முன் வரவே இல்லை. வர விடவில்லை என்பதுதான் சரி.

பர்னஸை மெதுவாகச் சூடேற்றினோம். துப்பாக்கி மாதிரி இருக்கிற தெர்மாமீட்டரை எடுத்துக்கொண்டு நான் வெளித்தகட்டைச் சுற்றிச் சுற்றி வந்தேன். மற்றவர்கள் டீ குடிக்கப் போன நேரத்திலும் நான் சுற்றினேன். எங்காவது ஓரிடம் அதிகமாகச் சுடாதா என்று தேடினேன். எங்கும் ஒரே மாதிரி இருந்தது. கதவுக்கு மேலே அந்த இடமும் மற்ற இடங்களைப் போலவே இருந்தது. மறுநாள் காலையில் முழுச் சூட்டைத் தொட்டபோது ஏணியில் ஏறிப் பார்த்தேன். கதவுக்கு மேலே தகட்டில் அடித்திருந்த வெள்ளிப் பெயின்ட் கறுத்திருந்தது. தெர்மாமீட்டரை நீட்டினேன். சுற்றிலும் இருப்பதைவிட மிக அதிகம். எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை நான் என்னவென்று சொல்வது. ஏணியில் நின்றபடியே உனக்கு போன் செய்தேன். "லாவண்யா, உன் கூரைல ஒரு எடம் சுடுது" என்றேன். எந்த இடம், எவ்வளவு என்று கேட்டாய், சொன்னேன். அப்புறம் நீ மெதுவாக, "மா, நீ சந்தோஷமா பேசுற" என்றாய். இல்லவே இல்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். ஏணியிலிருந்து பாதி இறங்கும்போதுதான் அந்த இடத்துக்குள் என்ன இருக்கிறது என்று ஞாபகம் வந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றேன்.

நீ அன்று மத்தியானமே வந்துவிட்டாய். பர்னஸ் அணைந்து ஆற வேண்டியிருந்தது. ஆறும் வரைக்கும் வீட்டில் தங்கினாய். போனில் சொன்ன அந்த வார்த்தையைப் பற்றி நீயும் பேசவில்லை, நானும் பேசவில்லை. திறந்த அன்று சார் எதிரில் நின்றார். முனுசாமி மேஸ்திரி அந்த இடத்தில் இருந்த பிளாங்கெட்டைப் பிய்த்து இறக்கினார். நீ அதைக் கையில் வாங்கி ஒரு தடவைதான் அழுத்தினாய். உனக்குப் புரிந்துவிட்டது. என்னைப் பார்த்தாய், உடனே பார்வையை எடுத்துக்கொண்டாய். பிறகு சாரிடம் திரும்பி, எங்கள் கம்பெனி அனுப்பிய சரக்கு குறைந்துபோனது, இங்கே இருப்பவர்களுக்கு வேறு வழியில்லை, இது எங்கள் தவறு, நாங்களே மாற்றித் தருகிறோம் என்றாய். என்னைக் காப்பாற்றினாய். லாவண்யா, அந்த நிமிஷத்தில்தான் என் பொறாமை உச்சிக்குப் போனது. படிப்பு உன்னிடம், கணக்கு உன்னிடம், அளந்த அளவெல்லாம் உன்னிடம். இப்போது பெரிய மனசும் உன்னிடமா? அதையாவது எனக்கு விட்டுவைக்கக் கூடாதா? "நேனே வேயமன்னானு சார்" என்றேன். நான்தான் போடச் சொன்னேன் என்று. சார் என்னையும் உன்னையும் மாறி மாறிப் பார்த்தார். அம்மா எவ்வளவு நேர்மையானவள் என்று நீ அன்றைக்கு ரயிலில் வரும்போது நைனாவிடம் போனில் சொன்னது என் காதில் விழுந்தது. நேர்மை இல்லையடி அது. உன் தயவில் நிற்க எனக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

அந்த இடத்தை மாற்றிக் கட்டி மறுபடி முழுச் சூட்டுக்குக் கொண்டுபோனபோது தகடு முழுக்க ஒரே மாதிரி இருந்தது. ஆட்கள் அதன் பக்கத்தில் நின்று வேலை செய்தார்கள். இனிமேல் எந்த பர்னஸுக்கு நான் என்ன தேர்ந்தெடுத்தாலும் முதலில் உங்கள் கம்பெனியிடம் காட்டிவிட்டுத்தான் வாங்க வேண்டும் என்று சார் சொல்லிவிட்டார். அதையும் விழுங்கினேன். ஆனால் ஒன்று நடந்தது. உன்னிடம் தோற்ற ஆத்திரத்தில், இங்கே போட்டிருக்கிற ஒவ்வொரு பொருளுக்கும் முழுக் கோட்டையும் கம்பெனிகளிடம் கேட்டு வாங்க ஆரம்பித்தேன். ஓர் எண் மட்டும் கொடுத்தவர்களைத் திருப்பி அனுப்பினேன். உள்முகத்தில் எவ்வளவு சூடு, வெளிமுகத்தில் எவ்வளவு, நடுவில் அந்தப் பொருள் எந்தச் சூட்டில் வாழப்போகிறது என்று பார்த்து, அந்த இடத்துக்கு உரிய எண்ணை எடுத்து, போட்ட கணக்கைத் திரும்பவும் போட்டேன். முதல் கணக்கில் நடுச்சூடு மாறும், மாறினால் எண்ணும் மாறும், மறுபடி போட வேண்டும். ரயிலில் புத்தூர் வருவதற்குள் ஒன்று முடிந்துவிடும். நல்லெண்ணத்தில் நான் இவ்வளவு படித்திருக்க மாட்டேன்.

ஜெர்மனிப் பேராசிரியர் உன்னை வீடியோவில் பேட்டி எடுத்தாரே, அன்றைக்கு நான் சமையலறையில் அடுப்பைச் சிறிதாக்கி வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். தறிச் சத்தம் கேட்கக் கூடாது என்று நைனா தறியை நிறுத்தியிருந்தார். உனக்கு இந்த ஆராய்ச்சியில் ஏன் ஆர்வம் என்று அவர் கேட்டார். நீ எங்கள் பர்னஸ் கதையைச் சொன்னாய். பார்வைக்கு ஒன்றாக இருக்கிற இரண்டு பிளாங்கெட், குறைந்த சூட்டில் வித்தியாசமே காட்டாதவை, முழுச் சூட்டில் எப்படிப் பிரிந்தன என்று சொன்னாய். அங்கே இருந்த ஓர் இன்ஜினியர் விடாமல் சுற்றிச் சுற்றி அளந்ததால்தான் தகடு பழுதாவதற்கு முன்பே அந்த இடம் அகப்பட்டது என்றாய். ஓர் இன்ஜினியர். நான் கரண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நான்தான் அது என்று ஓடிப்போய் அந்தத் திரைக்கு முன்னால் நிற்க வேண்டும்போல் இருந்தது. பேட்டி முடிந்ததும் நீ தண்ணீர் குடிக்க வந்தாய், நான் கேட்டேவிட்டேன், அம்மா என்று ஏன் சொல்லவில்லை என்று. நீ செம்பைக் கீழே வைத்துவிட்டு, "அம்மான்னு சொன்னா சிரிச்சிக்கினே கேட்டுட்டு உட்டுடுவாரும்மா. இன்ஜினியர்னு சொன்னா எழுதிக்குவார். எழுதிக்கினாரு" என்றாய். வேறு யாராவது சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன். நீ சொல்லிவிட்டு மிச்சத் தண்ணீரைக் குடித்தாய்.

ஊரை விட்டுப் போகிற பிள்ளைக்குப் பெற்றவர்கள் புத்தி சொல்ல வேண்டும் அல்லவா. எனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். பொருளைப் பற்றிச் சொல்வதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை, அது உனக்கே தெரியும். மனுஷர்களைப் பற்றிச் சொல்கிறேன். நீ போயிருக்கிற இடத்தில் உன்னைவிடக் கெட்டிக்காரர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். இதுவரைக்கும் நீ யாரைப் பார்த்தும் பொறாமைப்பட்டதில்லை, ஏனென்றால் நீ போன இடத்திலெல்லாம் நீதான் முதல். இனிமேல் வரும். பக்கத்து மேஜையில் இருக்கிறவள் உன்னைவிட நன்றாக அளப்பாள், உனக்கு இரவுச் சாப்பாடு இறங்காது. அப்போது உன்னைப் பற்றி மோசமாக நினைத்துக்கொள்ளாதே. அதை நல்ல குணம் மாதிரி வேஷம் போட்டுக்கொண்டும் திரியாதே, நான் இத்தனை நாள் திரிந்தேன், களைத்துப்போகும். அவள் என்ன செய்கிறாள் என்று கூர்ந்து பார். பொறாமைப்படுகிறவளைப்போல அவ்வளவு கவனமாகப் பார்க்க நண்பர்களால் முடியாது. அவள் வேலையில் குறை தேடு, ஆனால் குறை அகப்பட்டால் சந்தோஷமான குரலில் அவளுக்கு போன் பண்ணாதே. கொஞ்சம் நேரம் கழித்துப் பண்ணு. நேரத்துக்குச் சாப்பிடு. குளிருக்கு என்ன போட வேண்டும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது உனக்குத் தெரியாத ஒரு செய்தி. நீ சென்னையில் இருந்ததால் மறைக்க முடிந்தது. பங்காருபாளையத்தில் ஒரு மாம்பழக் கூழ் பேக்டரி. அங்கே பாய்லருக்கு எரிக்கிற அடுப்பின் சுவர் போன வருஷ சீசனுக்கு நடுவில் விழுந்துவிட்டது. வாசலில் லாரி லாரியாக மாங்காய் நின்று அழுகியதாம். அந்த முதலாளி எங்கள் சாருக்குத் தெரிந்தவர். இந்த வருஷ சீசனுக்கு முன்னால் ஞாயிற்றுக்கிழமைகளில் நான் சித்தூர் பஸ் பிடித்து அங்கே போய்வந்தேன். உன்னிடம் சொந்தக்காரர் வீட்டு விசேஷம் என்றேன். எல்லாப் பொருளையும் நானே தேர்ந்தெடுத்தேன், கோடு பார்த்து, சூடு பார்த்து. எங்கள் கம்பெனி வேலை இல்லை என்பதால் உங்கள் கம்பெனியிடம் காட்ட வேண்டியிருக்கவில்லை. உன்னிடமும் காட்டவில்லை. சீசன் தொடங்கி அடுப்பு முழுச் சூட்டுக்கு வந்த அன்று வெளித்தகட்டில் கையை வைத்தேன். நான் போட்ட கணக்குப்படியே இருந்தது. சீசன் முழுக்க ஒரு லாரிகூட நிற்கவில்லை.

ஆனால் கடைசி வாரங்களில் தகடு கொஞ்சம் கொஞ்சமாகச் சூடேறியது. சுவர் தேயவில்லை, வெடிக்கவில்லை. சீசன் முடிந்ததும் உள்ளே புகுந்து உள்முகத்துச் செங்கல் ஒன்றைப் பெயர்த்து எடுத்தேன். அங்கே வேர்க்கடலைத் தோலையும் காய்ந்த மாங்கொட்டையையும் எரிக்கிறார்கள். அந்தச் சாம்பலின் ஆவி செங்கலின் நுண்துளைகளுக்குள் புகுந்து, உருகி, அடைத்துக்கொண்டிருக்கிறது. குறுக்கே அறுத்துப் பார்த்தேன். சூட்டுப் பக்கத்தில் கண்ணாடி மாதிரி பளபளக்கிறது, பின்பக்கம் வாங்கியபடியே வெள்ளையாக இருக்கிறது. துளை அடைந்த செங்கல் வேறு விதமாகக் கடத்தும். எந்தக் கேட்லாக்கிலும் அதற்குக் கோடு இல்லை. உன் கோடும் அங்கே செல்லாது, ஏனென்றால் நீ அளந்ததெல்லாம் புதுச் செங்கல்.

துண்டுகள் என்னிடம் இருக்கின்றன. சூட்டுப் பக்கம், நடு, பின்பக்கம் என்று தனித்தனியாகக் குறித்து வைத்திருக்கிறேன். ஒரு மாம்பழ சீசன் முழுக்க நெருப்பைப் பார்த்த செங்கல் உன் பேராசிரியரிடம்கூட இருக்காது. கேட்டால் அனுப்பிவைப்பேன். எடுத்தவர் பெயரை இன்ஜினியர் என்றே எழுதிக்கொள்ளட்டும். ஆனால் உடனே கேட்காதே, லாவண்யா. அதற்கு முன்னால் அங்கே உட்கார்ந்து கொஞ்ச நேரம் வயிறெரிந்து கொள்.

உன் அம்மா